‘வேற மாத்திரை எதுவும் சாப்பிடலைங்க’

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், இரவு பதினொரு மணி இருக்கும். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் படுத்திருந்தேன். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க என்னால் முடியவில்லை. பணியில் இருந்த மருத்துவர் நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: “ரெகுலரா ஏதாவது மாத்திரை எடுத்துக்கறாங்களா?”

கட்டிலுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மாமா. அம்மா ஒரு கணம் மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மருத்துவரிடம், “வேற மாத்திரை எதுவும் சாப்பிடலைங்க” என்றார்.

எனக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது எனக்கு 26 வயது. திருமணம் ஆகவில்லை. மூன்றரை மாதமாகத் தினமும் இரவு ஒரு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘ஹார்மோன் மாத்திரை’. அதன் உண்மையான பெயர் கருத்தடை மாத்திரை. அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் அது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

அந்த மாத்திரை என்னிடம் வந்த கதை நம்மில் பலருக்கு நடந்ததுதான். சென்னையில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முகமெல்லாம் பரு, தாடையில் முடி. ஸ்கேன் எடுத்ததில் பி.சி.ஓ.டி. என்றார்கள். மருத்துவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். “கல்யாணம் ஆயிடுச்சா?” “கடைசியா எப்போ பீரியட்ஸ் வந்துச்சு?” எடையைக் குறைக்கச் சொன்னார். 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரத்த அழுத்தம் பார்க்கவில்லை. ஒற்றைத் தலைவலி வருமா என்று கேட்கவில்லை. வீட்டில் யாருக்காவது இரத்தம் உறைந்திருக்கிறதா என்றும் கேட்கவில்லை. வெளியே இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் எதுவும் கேட்கவில்லை.

மருந்துக்கடையில் அட்டைப்பெட்டி இல்லாமல் வெறும் ஸ்ட்ரிப்பைக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுக் காகிதத்தை நான் முதன்முதலில் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகுதான். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், மருத்துவர்களுக்காக எழுதப்பட்ட காகிதம் அது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது என் பையிலிருந்து ஸ்ட்ரிப் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்த அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இது எங்க நர்சம்மா குடுத்த மாத்திரை மாதிரியில்ல இருக்கு!” அவர் இளம் வயதில் துணை சுகாதார நிலையத்தில் மாலா-என் வாங்கிச் சாப்பிட்டவர். அம்மா சிரிக்கவில்லை. அன்று முதல் நான் ஊரில் இருக்கும் நாட்களில் அந்த ஸ்ட்ரிப் சமையலறையில் ஒரு பழைய மஞ்சள்தூள் டப்பாவுக்குள் போனது. “சாப்பிட வேண்டாம்னு சொல்லல. யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க” என்றார்.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு இடது கெண்டைக்காலில் வலி ஆரம்பித்தது. சுளுக்கு என்று நினைத்தேன். சென்னையிலிருந்து துறையூருக்கு இரவுப் பேருந்தில் காலை மடக்கியபடியே வந்து இறங்கினேன். கால் வீங்கியிருந்தது. தொட்டால் சூடாக இருந்தது. அம்மா எண்ணெய் காய்ச்சி, முட்டியிலிருந்து பாதம் வரை அழுத்தித் தேய்த்துவிட்டார். இரண்டு நாள் விடாமல் தேய்த்தார். மகள் கால் வலிக்கிறது என்றால் எந்த அம்மாவும் செய்வதுதான் அது. காலின் ஆழத்து நாளத்தில் இரத்தக்கட்டி இருக்கும்போது அழுத்தித் தேய்க்கவே கூடாது என்பது எங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் மொட்டைமாடிப் படி ஏறும்போது நெஞ்சின் வலப்பக்கம் குத்தியது. மூச்சை உள்ளே இழுத்தால் கத்தி இறங்குவதுபோல் இருந்தது. உள்ளூர் கிளினிக்கில் வாயு என்று மாத்திரையும் ஓர் ஊசியும் போட்டு அனுப்பினார்கள். “வயசுப் பொண்ணு, ஏதோ மனசுல பயம் இருக்கு” என்று அம்மாவிடம் தனியாகச் சொன்னார்களாம். அன்று மாலையே உட்கார்ந்தால்கூட மூச்சு வாங்கியது. மாமாவின் காரில் திருச்சிக்குப் போனோம்.

அங்கேதான் அந்தக் கேள்வியும் அம்மாவின் பதிலும். இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் வேகமாகத் துடிக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றார்கள். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 91 என்று காட்டியது. நிமோனியாவாக இருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

நள்ளிரவு தாண்டி ஒரு சிஸ்டர் வந்தார். என் அம்மாவைவிடக் கொஞ்சம் வயது குறைந்தவராக இருப்பார். கையில் ஊசி ஏற்ற வந்தவர் என் இடது காலைப் பார்த்தார். மாமாவை ஒரு சீட்டுடன் மருந்தகத்துக்கு அனுப்பினார். அம்மாவை, “நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கம்மா” என்று வெளியே அனுப்பினார். திரையை இழுத்துவிட்டு என் காதருகே குனிந்தார். “பீரியட்ஸுக்கு ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறியா பாப்பா?”

அவர் ‘கருத்தடை’ என்று கேட்டிருந்தால் அந்த நிலையிலும் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். பீரியட்ஸுக்கு என்று கேட்டதால் தலையை ஆட்டினேன். அவர் அப்படியே மருத்துவரிடம் ஓடினார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நாளத்தில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன், காலுக்கு டாப்ளர். இடது காலின் ஆழத்து நாளத்தில் இரத்தம் உறைந்து, அதிலிருந்து பிய்ந்த துண்டுகள் இதயத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தன. வயிற்றுத் தோலில் ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். “இன்னும் ஒரு பெரிய துண்டு போயிருந்தா…” என்று ஆரம்பித்த மருத்துவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உடம்பு தேறிய பிறகு படிக்க ஆரம்பித்தேன். கோபத்தில்தான் ஆரம்பித்தேன். படித்ததைக் கோபம் இல்லாமல் சொல்ல முயல்கிறேன்.

கருத்தடை மாத்திரைகளில் பெரும்பாலானவை இரண்டு ஹார்மோன்களின் கலவை. ஒன்று ஈஸ்ட்ரோஜன், இன்னொன்று புரோஜெஸ்டின். ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி, இரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. உறையாமல் காக்கும் சில புரதங்களைக் குறைக்கிறது. பெரும்பாலான பெண்களின் உடல் இதைச் சமாளித்துக்கொள்ளும். சிலரின் உடலில் தராசு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அவர்களுக்கு இந்த மாத்திரை இன்னொரு படிக்கல்.

எண்களில் சொன்னால் இப்படி. மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமாகவும் இல்லாத 10,000 பெண்களில் ஓர் ஆண்டில் சுமார் 2 பேருக்கு இப்படி இரத்தம் உறையும் என்கிறது ஐரோப்பிய மருந்து முகமை. லெவோநார்ஜெஸ்ட்ரெல் கலந்த மாத்திரை சாப்பிடும் 10,000 பேரில் இது 5 முதல் 7. ட்ரோஸ்பைரனோன், டெசோஜெஸ்ட்ரெல் போன்றவை கலந்த மாத்திரைகளில் 9 முதல் 12. எனக்குக் கொடுக்கப்பட்டது சைப்ரோடிரோன் கலந்தது. அதிலும் ஆபத்து லெவோநார்ஜெஸ்ட்ரெலைவிடக் கூடுதல்தான். 2013இல் பிரான்ஸ் நாடு அந்தக் கலவையின் விற்பனையை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஐரோப்பிய முகமை அதை மறு ஆய்வு செய்து, ஆண் ஹார்மோன் தொடர்பான மிதமான அல்லது கடுமையான பருவுக்கும் மிகை முடிக்கும் மட்டும், பருவுக்கு மற்ற சிகிச்சைகள் பலனளிக்காதபோது மட்டும் கொடுக்கலாம் என்று வரையறுத்தது.

இந்த ஆபத்து முதல் ஆண்டில்தான் மிக அதிகம், அதிலும் முதல் சில மாதங்களில். சில வாரங்கள் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பவர்களுக்கும் அப்படித்தான். எனக்கு நடந்தது நான்காம் மாதத்தில்.

இன்னோர் எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருக்கும் 10,000 பெண்களில் ஓர் ஆண்டுக்கு 5 முதல் 20 பேருக்கு இரத்தம் உறையலாம். பிரசவம் முடிந்த முதல் 12 வாரங்களில் அந்த விகிதம் 40 முதல் 65 வரை ஏறுகிறது என்கிறது அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அறிவிப்பு. அதாவது வேண்டாத ஒரு கர்ப்பம் மாத்திரையைவிட ஆபத்தானது. மாத்திரையைப் பற்றிப் பயமுறுத்துபவர்கள் இதைச் சொல்வதில்லை.

இந்தப் பிரசவ எண்ணைப் படித்த அன்று இரவு எனக்குப் பெரியம்மா நினைவு வந்தது.

அம்மாவின் அக்கா. நான் பார்த்ததில்லை. தலைப்பிரசவம் முடிந்து பன்னிரண்டாம் நாள், கொல்லைப்புறம் போய்விட்டு வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்து “மூச்சு வாங்குது” என்றாராம். அரைமணி நேரத்தில் உயிர் போய்விட்டது. பச்சை உடம்புக்காரி தனியாகப் போனாள், காத்து கருப்பு அடித்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். ஜன்னி என்றும் சொன்னார்கள். வருடம்தோறும் ஆடியில் அம்மாயி அவருக்குப் புடவை வைத்துக் கும்பிடுவார். எங்கள் வீட்டுத் தெய்வங்களில் ஒருவராகிவிட்டார். ஒருவர் தெய்வமாகிவிட்டால் எப்படிச் செத்தார் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்த நாள் அம்மாவிடம் கேட்டேன். “உனக்கு எப்பவாச்சும் கால் வீங்கியிருக்காம்மா?”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “தம்பி பொறந்தப்ப இடது கால் ரெண்டு மாசம் வீங்கிக் கெடந்துச்சு. நீர் எறங்கியிருக்குன்னு பத்து போட்டாங்க. அப்புறம் சரியாப் போச்சு. ஏன்?”

26 வருடத்தில் அம்மா அதை ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லை. சொல்லாமல் மறைக்கவில்லை. பிரசவம் என்றால் கால் வீங்கும், இடுப்பு ஒடியும், முடி கொட்டும். அதில் சொல்ல என்ன இருக்கிறது? அப்பாவுக்குச் சர்க்கரை, தாத்தாவுக்கு மாரடைப்பு, சித்தப்பாவுக்குப் பிரஷர் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பெண்களின் உடம்பில் நடந்தது மட்டும் நோயாகவே கணக்கில் வரவில்லை.

மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டு முடித்து, அதை நிறுத்திச் சில வாரங்கள் கழித்து என் இரத்தத்தைச் சோதித்தார்கள். இரத்தம் தேவைக்கு மேல் உறையாமல் காக்கும் புரதங்களில் ஒன்று ‘புரோட்டீன் எஸ்’. எனக்கு அது பிறவியிலேயே குறைவு. அம்மாவுக்கும் சோதித்தார்கள். அவருக்கும் குறைவு. பெரியம்மாவுக்குச் சோதிக்க வழியில்லை. அவர் எதனால் இறந்தார் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஆனால் காத்து கருப்பு என்று இனி என்னால் சொல்ல முடியாது.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த முதல் மருத்துவர் என்னிடம் குடும்ப வரலாறு கேட்டிருந்தால் மாத்திரையே எழுதியிருக்க மாட்டார் என்று சொல்ல முடியாது. யாருக்கு எந்தக் கருத்தடை பொருந்தும் என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. ஒவ்வோர் உடல்நிலையையும் 1 முதல் 4 வரை வகைப்படுத்துகிறது. 1 என்றால் தடையில்லை. 4 என்றால் கொடுக்கவே கூடாது. தாய்க்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இரத்தம் உறைந்த வரலாறு இருப்பது 2ஆம் வகை. பொதுவாகக் கொடுக்கலாம், கவனம் வேண்டும் என்று பொருள். எல்லாப் பெண்களுக்கும் முன்கூட்டியே இரத்தச் சோதனை செய்யச் சொல்லி அந்த நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. இந்தக் குறைபாடுகள் அரிது, சோதனைக்குச் செலவும் அதிகம்.

ஆகவே கேட்டிருந்தால் என்ன மாறியிருக்கும்? “கால் வீங்கினால், மூச்சு வாங்கினால் உடனே வா, இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்” என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வரி தெரிந்திருந்தால் சென்னையிலேயே காலைக் காட்டியிருப்பேன். அம்மா எண்ணெய் தேய்த்திருக்க மாட்டார். கேள்வி கேட்பதற்கு ஸ்கேன் வேண்டாம், காசு வேண்டாம். இரண்டு நிமிடம் போதும்.

மருத்துவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அவசரப் பிரிவில் கேள்வி கேட்கப்பட்டது. பொய் சொன்னது நாங்கள். ஏன் சொன்னோம் என்பதை யோசித்தபோது எங்கள் தெரு மருந்துக்கடை ஞாபகம் வந்தது.

எனக்கு 17 வயதில் வீட்டுக் கிரகப்பிரவேசம். அன்றைக்கு நாள் வந்துவிடுமோ என்று அம்மாயிக்குக் கவலை. அப்பாவே கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போது, “பொண்ணுக்கு நாள் தள்ளிப்போடுற மாத்திரை குடுப்பா” என்று கேட்டு வாங்கி வந்தார். மருத்துவர் சீட்டு கிடையாது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, பத்து நாள் விழுங்கினேன். திருவிழா, திருமணம், மலைக்குப் போவது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அதை விழுங்கியிருக்கிறார்கள். அந்த மாத்திரையில் இருப்பது நார்எத்திஸ்டிரோன். அதுவும் ஹார்மோன்தான். குறைந்த அளவில் அதையே கருத்தடைக்கும் கொடுக்கிறார்கள். மூன்று வேளை என்ற அதிக அளவில் சாப்பிடும்போது அதில் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாகவே மாறுகிறது. இரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்கள் கேட்காமல் விழுங்கக்கூடாத மருந்து அது.

தீட்டைத் தள்ளிப்போடும் மாத்திரையைச் சத்தமாகக் கேட்கலாம், அது சாமிக்காக. கருவைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கறுப்புப் பையில் சுற்றித்தான் வாங்க வேண்டும், அது நமக்காக. இரண்டும் போய்ச் சேர்வது ஒரே உடம்புக்குத்தான்.

இந்த மௌனம் நம் ஊரோடு முடிந்துவிடவில்லை. உலகின் முதல் கருத்தடை மாத்திரையைப் பெரிய அளவில் சோதித்தது 1956இல், புவெர்ட்டோ ரிக்கோ தீவின் ரியோ பியத்ராஸ் குடியிருப்பில். ஏழைப் பெண்கள். தாங்கள் ஒரு பரிசோதனையில் இருக்கிறோம் என்பதே அவர்களில் பலருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. அங்கே பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண். மாத்திரை கருவை நன்றாகத் தடுக்கிறது, ஆனால் 17 சதவீதப் பெண்களுக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வயிற்றுவலி இருக்கிறது, இது ஏற்கத்தக்கதல்ல என்று அவர் அறிக்கை கொடுத்தார். மாத்திரையை உருவாக்கிய கிரிகரி பின்கஸ் அவற்றைப் பெரும்பாலும் மனப்பிரமை என்று ஒதுக்கினார். சோதனைக் காலத்தில் மூன்று பெண்கள் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்யப்படவில்லை. 1960இல் அமெரிக்காவில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதில் இருந்த ஈஸ்ட்ரோஜன் இன்றைய மாத்திரைகளில் இருப்பதைப்போலப் பல மடங்கு.

“மனசுல பயம்” என்று கிளினிக்கில் என்னைப் பற்றிச் சொன்னதற்கும் அந்த ‘மனப்பிரமை’க்கும் இடையே அறுபது வருடத்துக்கு மேல் தூரம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1961இல் நுரையீரல் அடைப்பு பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு வெளியானது. 1969இல் பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர் மாத்திரையின் ஆபத்துகளைத் தொகுத்துப் புத்தகம் எழுதினார். அதன் விளைவாக 1970 ஜனவரியில் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூடச் சாட்சி சொல்ல அழைக்கவில்லை. அறையில் உட்கார்ந்திருந்த ஆலிஸ் வுல்ஃப்சனும் அவருடைய தோழிகளும் எழுந்து, சாப்பிட்டவர்கள் ஏன் இங்கே பேசவில்லை என்று சத்தம் போட்டார்கள். வெளியேற்றப்பட்டார்கள். மறுபடி வந்தார்கள். அந்த ஆண்டே, மாத்திரையோடு பெண்கள் படிக்கும்படி எச்சரிக்கைக் காகிதம் வைக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. முதலில் எழுதிய நீளமான வரைவு சுருங்கித்தான் வந்தது, ஆனாலும் வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் அளவு குறைந்துகொண்டே போனது.

அவர்கள் யாரும் மாத்திரையைத் தடை செய்யுங்கள் என்று கேட்கவில்லை. எங்களுக்குச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். பெட்டியில்லாமல் எனக்குக் கிடைத்த ஸ்ட்ரிப்பில் இல்லாமல் போனது, அவர்கள் கத்திப் பெற்ற அந்தக் காகிதம்தான்.

என் கதை உறவுக்குள் பரவியபோது ஒரு பெரியப்பா வீடு தேடி வந்து சொன்னார்: “இதுக்குத்தான் காலாகாலத்துல கல்யாணம் பண்ணி வைக்கச் சொன்னேன். கண்ட மாத்திரையெல்லாம் சாப்பிட்டா இப்பிடித்தான்.” அம்மா அவருக்குக் காபி போட எழுந்து போய்விட்டார். எனக்கு நடந்ததை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போக விடக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். அடுத்தடுத்த பிரசவங்களிலிருந்து என் அத்தையைக் காப்பாற்றியது அந்த மாத்திரைதான். மாதந்தோறும் தாங்க முடியாத வலியில் துடித்த என் தோழியை வேலைக்குப் போகவைத்ததும் அதுதான். அவள் என் செய்தி கேட்டுப் பதறி, “நான் இன்னையோட நிறுத்திடவா?” என்று போன் செய்தாள். நிறுத்தாதே, போய்க் கேள் என்றேன். அவள் போய்ப் பிரஷர் பார்த்து, வீட்டு வரலாறு சொல்லிக் கேட்டாள். அவளுக்கு அது பொருந்தும் என்றார்கள். இன்றும் சாப்பிடுகிறாள்.

இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாட்டின் சுமை யார் மேல் இருக்கிறது என்பதற்கு 2019–21 தேசிய குடும்பநல ஆய்வே சாட்சி. அறுவைசிகிச்சை செய்துகொண்ட பெண்கள் சுமார் 38 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம். உறையும், காப்பர்-டியும் ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள். பெண்களுக்குச் செய்யும் அறுவைசிகிச்சையைவிட வாசக்டமி எளிது. ஆனால் எந்த மருத்துவரிடமும் ஓர் ஆணுக்கு, “உங்க வீட்டுல யாருக்காச்சும் ரத்தம் உறைஞ்சிருக்கா?” என்று கேட்கும் தேவை வந்ததில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு எனக்கு ஒன்பது மாதம் வார்ஃபரின். இரத்தம் உறையும் நேரத்தை அடிக்கடி சோதித்து, அந்த எண் 2க்கும் 3க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்பதால், ஒரு நாள் நிறையவும் மறுநாள் ஒன்றுமில்லாமலும் சாப்பிடக்கூடாது என்றார்கள். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை செய்யும் அம்மாவுக்கு இதுதான் பெரிய தண்டனை. மாதவிலக்கு வந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். இரத்தம் உறைந்தாலும் கஷ்டம், உறையாவிட்டாலும் கஷ்டம். நாளை நான் கர்ப்பமானால் தொடக்கத்திலிருந்தே ஊசி போட வேண்டியிருக்கும். இதைத் திருமணம் பேச வருகிறவர்களிடம் சொல்லலாமா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். இனி என் உடம்பைப் பற்றி எந்த அறையிலும் பொய் சொல்லப்போவதில்லை.

இதைப் படிக்கும் தங்கைகளுக்கு: பீரியட்ஸுக்கு, பருவுக்கு, கருவுக்கு, எதற்காக ஹார்மோன் மாத்திரை எழுதினாலும் அதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். 35 வயதுக்கு மேல் ஆகிப் புகைபிடிப்பவர், கண் முன் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர், பிரசவமாகி ஆறு வாரம்கூட ஆகாத பச்சை உடம்புக்காரர், மார்பகப் புற்றுநோய் உள்ளவர், முன்பு இரத்தம் உறைந்தவர் என்றால் அதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். சாப்பிட ஆரம்பித்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இதுவரை வராத கடும் தலைவலி வந்தாலோ, பார்வை மங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வயிறு தாங்க முடியாமல் வலித்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். போகும்போது ஸ்ட்ரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மாமா நிற்கிறார் என்று பார்க்காதீர்கள்.

போன மாதம் என் சித்தி மகளுக்கு நாள் தள்ளிப் போகிறது என்று மருத்துவரிடம் போனார்கள். அவளுக்கு 19 வயது. கூடப்போன அம்மா, மருத்துவர் பேனாவை எடுக்கும் முன்பே சொன்னாராம்: “ஒரு நிமிஷங்க. எங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு ரத்தம் கட்டுற வாகு இருக்கு. எனக்கு இருக்கு, எம்பொண்ணுக்கு வந்துச்சு. எங்கக்காவுக்கும் இருந்திருக்கும்னு நெனைக்கிறோம்.”

வீட்டுக்கு வந்த அம்மா என்னிடம் ஒரு நோட்டு கேட்டார். இனி யார் மருத்துவமனைக்குப் போனாலும் கொண்டுபோக வசதியாக எல்லாவற்றையும் அதில் எழுதி வைக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் வரி பெரியம்மாவின் பெயர். வயது 22. தலைப்பிரசவம், பன்னிரண்டாம் நாள், மூச்சுத்திணறல். அடுத்தது அம்மாவின் பெயர், இடது கால், இரண்டு மாதம். மூன்றாவது வரியை நானே எழுதினேன். மாத்திரையின் பெயரையும் சேர்த்து.